பதில் சொல்ல நிற்பவர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழைய கட்சிக்காரர் ஒருவரைப் பற்றி விசாரித்தால் பல சமயம் கிடைக்கும் பதில், ‘அவர் இப்ப ஒதுங்கிட்டாருங்க’ என்பது. அவர் வேறு கட்சிக்குப் போகவில்லை. விலகல் கடிதம் எதுவும் எழுதவில்லை. உறுப்பினர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தேர்தல் அன்று அதே சின்னத்தில்தான் விரலை வைக்கிறார். கல்யாணம் காட்சிக்கு அதே கரைவேட்டிதான் கட்டுகிறார். கிளைக் கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை. மாவட்டச் செயலாளர் வருகிறார் என்று ஊரே கொடி கட்டும் நாளில் அவர் வயலுக்கோ மகள் வீட்டுக்கோ போய்விடுகிறார். இந்த ஒதுங்கலுக்கு நம் அரசியல் எழுத்தில் இடமில்லை. பிளவுகளுக்குத் தேதியும் பெயரும் உண்டு, கட்சி தாவியவர்களுக்குப் பட்டியல் உண்டு. ஒதுங்கியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கட்சிக் கசப்பைப் பற்றித் தமிழில் நிலைத்துவிட்ட நூல்களும் எழுத்தாளர்கள் எழுதியவை. கண்ணதாசனுக்கு ‘வனவாசம்’ எழுத முடிந்தது. ஜெயகாந்தனுக்கு ‘ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்’ எழுத முடிந்தது. கட்சியை விட்டு வந்த பிறகும் பேரும் வாசகரும் மேடையும் அவர்களுக்கு இருந்தன. முப்பது ஆண்டு கிளைச் செயலாளராக இருந்தவரின் மனம் நமக்குப் படிக்கக் கிடைப்பதில்லை. அவர் நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் அதை ஊகித்து அறிய வேண்டியிருக்கிறது.

பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பதவி கிடைக்காத விரக்தி என்பது கட்சித் தலைமை சொல்வது. கொள்கை போய்விட்டது என்பது அறிவாளிகள் சொல்வது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அந்த மனிதர் கட்சிக்காகச் செய்துவந்த முதன்மையான வேலை என்ன என்பதைக் கவனிப்பதில்லை. கொடி கட்டுவதையும் கூட்டம் சேர்ப்பதையும் சொல்லவில்லை. அவர் கட்சிக்காகப் பதில் சொல்லிவந்தார். சென்னையில் ராத்திரி ஒரு கூட்டணி முடிவாகிறது, விடிந்ததும் செய்தித்தாள் டீக்கடைப் பெஞ்சுக்கு வந்துவிடுகிறது. ‘என்னண்ணே, நேத்து வரைக்கும் அவங்களத்தான திட்டிக்கிட்டு இருந்தீங்க?’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். கேட்பவர் எதிர்க்கட்சிக்காரராக இருக்கவேண்டும் என்பதில்லை. சொந்த மைத்துனனாக இருக்கலாம், போன தேர்தலில் இவர் பேச்சை நம்பி ஓட்டுப்போட்ட பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். தலைவரிடம் யாரும் இப்படிக் கேட்க முடியாது. பத்திரிகையாளர் கேட்டாலும் சிரித்துவிட்டு காரில் ஏறிவிடலாம். இவர் ஏறிப்போகக் கார் இல்லை. அதே கடைக்கு நாளையும் வரவேண்டும். கட்சி தன்னைப் பொதுமக்களுக்கு விளக்க வைத்திருக்கும் கடைசி மனிதர் இவர். இவருடைய கசப்பின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது என்பதே என் வாதம். கட்சிக்காக ஊருக்குப் பதில் சொல்கிற மனிதருக்குக் கட்சி பதில் சொல்லாமல் போனதுதான் அவரை ஒதுங்க வைக்கிறது. நிலைப்பாடு மாறியதை அவர் பொறுத்துக்கொள்வார். அது ஏன் மாறியது என்பதைச் சொல்லத் தகுந்த ஆளாகக்கூடக் கட்சி தன்னை நினைக்கவில்லை என்பதை அவரால் பொறுக்க முடிவதில்லை.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்குத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் இருபது ஆண்டுகளே சாட்சி. 1949 செப்டம்பர் 17ஆம் நாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்தபடி தொடங்கிய கட்சி, 1967இல் ஆட்சியைப் பிடித்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் கட்சியிடம் மாநில ஆட்சிப் பதவி ஏதும் இல்லை, கொடுக்கப் பெரிய பணமும் இல்லை. படிப்பகங்கள் இருந்தன. ஒரு பெஞ்சு, ஒரு மேசை, சுவரில் தலைவர்களின் படம், கயிற்றில் தொங்கும் நாலைந்து இதழ்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் கேட்பார்கள். படித்து முடித்ததும் விவாதம் நடக்கும். முடிதிருத்தகமும் சைக்கிள் கடையும் தையற்கடையும் இதே வேலையைச் செய்தன. ‘ஏன் இந்தி வேண்டாம்’, ‘ஏன் புரோகிதர் வேண்டாம்’ என்ற கேள்விகளுக்கு ஊரின் கடைசித் தெருவில் நின்று விடை சொன்னவர்கள் இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள். சுவர் பிடித்து வெள்ளையடித்து, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுதிய எழுத்தும், மைதாப் பசை காய்ச்சி ஒட்டிய சுவரொட்டியும் அந்த விடைகளின் நீட்சிதான். உழைப்புக்குக் கூலி இல்லை. ஆனால் உறுப்பினரின் கையில் காரணம் இருந்தது. ஊரில் யார் மடக்கிக் கேட்டாலும் எடுத்து நீட்ட ஒரு விடை இருந்தது. அது அவருக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் தெம்பைக் கொடுத்தது. பதவியைவிட அது பெரிய சம்பளம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கட்சி தன் உறுப்பினரைக் கேட்டும் இருக்கிறது. 1956 மே மாதம் திருச்சியில் நடந்த மாநில மாநாட்டில், தேர்தலில் போட்டியிடலாமா வேண்டாமா என்ற கேள்வி வந்தது. பெரியாரின் இயக்கத்திலிருந்து பிரிந்து வந்தவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. தேர்தல் பக்கமே போகாமல் சமூக மாற்றத்துக்காக உழைப்பது என்ற மரபை விட்டு விலகுவதா என்பது அதற்குள் இருந்தது. அண்ணா அதைத் தன் முடிவாக அறிவித்திருக்கலாம், அவர் சொல்லியிருந்தால் மறுத்திருக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. இருந்தும் மாநாட்டுத் திடலில் பெட்டிகள் வைக்கப்பட்டன. வேண்டும் என்போர் ஒரு பெட்டியில், வேண்டாம் என்போர் ஒரு பெட்டியில் வாக்குப் போட்டார்கள். வேண்டும் என்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும், வேண்டாம் என்று நாலாயிரத்துச் சொச்சம் பேரும் வாக்களித்தார்கள். முடிவு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாக இருந்தது என்று சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது. அந்த நாலாயிரம் பேரை நினைத்துப் பார்க்க வேண்டும். தோற்றவர்கள் அவர்கள். ஆனால் எண்ணப்பட்டவர்கள். ‘நான் வேணாம்னுதான் போட்டேன், பெரும்பான்மை வேணும்னு சொல்லிருச்சு’ என்று ஊருக்குத் திரும்பிச் சொல்ல அவர்களுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. கட்சிக்குள் தோற்றும் கட்சியில் இருக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

இதே கட்சியின் அடுத்த சில ஆண்டுகளில் என் வாதத்துக்கு இரண்டு பக்கத்துச் சான்றும் கிடைக்கிறது. திராவிட நாடு நடக்காத காரியம் என்று ஈ.வெ.கி. சம்பத் சொன்னார். கட்சிக்குள் திரைப்படக் கவர்ச்சி மிஞ்சிப்போவதையும் கண்டித்தார். 1961இல் அவர் வெளியேற நேர்ந்தது, கண்ணதாசனும் கூடப் போனார். சம்பத் தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சி 1962 தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. 1964இல் அவர் காங்கிரஸில் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் வெளியேறிய இரண்டே ஆண்டில், 1963இல், திமுகவே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. சீனப் போரும், பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்த அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தமும் அதற்குக் காரணம். கட்சியின் உயிர் என்று பதினான்கு ஆண்டுகள் மேடை மேடையாகச் சொல்லப்பட்ட கோரிக்கை அது. அதற்காகச் சிறை போனவர்கள் இருந்தார்கள். அதைக் கைவிட்ட கட்சி சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை, நாலே ஆண்டில் கோட்டைக்குப் போனது. ஏன்? அண்ணா காரணம் சொன்னார். மாநிலங்களவையில் அந்தத் திருத்தத்தை எதிர்த்து வாதாடினார். நிறைவேறிய பின், சட்டத்துக்கு உட்பட்டுக் கட்சியைக் காப்பதா, தடைக்கு உள்ளாகி அழிவதா என்ற நெருக்கடியைத் தம்பிகளுக்கு மறைக்காமல் எடுத்து வைத்தார். கோரிக்கையை விடுகிறோம், கோரிக்கை எழக் காரணமாக இருந்த நிலைமைகள் அப்படியேதான் இருக்கின்றன என்று விளக்கினார். ஏற்பதும் ஏற்காததும் வேறு. மறுநாள் டீக்கடைக்குப் போன உறுப்பினரின் கையில் சொல்வதற்கு ஒன்று இருந்தது. கொள்கை மாறினால் தொண்டர் மனம் உடைந்துவிடும் என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்கு இது முக்கியமான காரணம். ஒரே கோரிக்கையை முன்வைத்து, சொல்ல வந்தவர் வெளியே போக நேர்ந்ததும், சொல்லிக் கைவிட்டவர் கட்சியைக் காப்பாற்றியதும் ஒரே கட்சியில் இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்திருக்கின்றன.

1967க்குப் பிறகு கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1972 அக்டோபரில் கட்சியின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். அமைச்சர்கள் தொடங்கிக் கிளைச் செயலாளர்கள் வரை கட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள் தங்கள் சொத்துக்கும் குடும்பத்தார் சொத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். சில நாட்களில் நீக்கப்பட்டார். அக்டோபர் 17ஆம் தேதி அதிமுக என்ற புதுக் கட்சி பிறந்தது, 1977இல் ஆட்சிக்கு வந்தது. அவருடைய நோக்கம் என்ன என்று இன்றுவரை தர்க்கம் நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. அந்தக் கேள்வி ஊர் ஊராகத் தீப்பற்றியது ஏன் என்பதே எனக்கு முக்கியம். ஆட்சிக்கு வந்த ஐந்தாண்டுகளில் ‘உங்க ஆளு வீடு கட்டிட்டாராமே’ என்று கேட்கப்பட்டு, விடை தெரியாமல் நின்றவர்கள் பல்லாயிரம் பேர். தங்களிடம் கேட்கப்பட்ட கேள்வியைத் தங்களுக்காக ஒருவர் மேலே கேட்டார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியின் கதி என்னவானது? கிளைச் செயலாளர் முதல் அமைச்சர் வரை ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் வழக்கம் புதுக் கட்சியில் வேரூன்றவில்லை. தலைவர் எழுப்பியபோது கேள்வி அவருடையதாகிவிட்டது. அவர் அரியணையில் அமர்ந்தபோது கேள்வியும் அமர்ந்துவிட்டது.

1993இல் இது இன்னும் வலியோடு நடந்தது. வைகோ திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது ஐந்து தொண்டர்கள் தீக்குளித்து இறந்தார்கள். தலைமை அடுத்து யாருக்கு என்ற கேள்வி அன்றைய கொந்தளிப்பின் நடுவில் இருந்தது. கட்சி ஒரு குடும்பத்தின் வழியில் போகக் கூடாது என்ற உணர்வோடு ஆயிரக்கணக்கானவர்கள் 1994இல் பிறந்த மதிமுகவுக்குப் போனார்கள். சொத்தையும் சொந்தத்தையும் பகைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. 2021இல் வைகோவின் மகன் துரை வைகோ அக்கட்சியின் தலைமைக் கழகச் செயலாளர் ஆனார். 2023இல் அவைத்தலைவர் திருப்பூர் துரைசாமி, கட்சியைத் தாய்க் கழகத்தோடு இணைத்துவிடலாம் என்று பொதுச்செயலாளருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகினார். துரை வைகோவின் தகுதி பற்றி எனக்கு எந்தக் குறையும் சொல்ல இல்லை. கட்சியினர் வாக்களித்தே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் 1993இல் இருபத்தைந்து வயதில் வெளியேறி, ஐம்பத்து மூன்று வயதில் இந்தச் செய்தியைப் படித்த ஓர் உறுப்பினரைக் கற்பனை செய்து பார்க்கலாம். ‘அப்ப எதுக்கண்ணே வெளிய வந்தோம்?’ என்று கேட்கிறவனுக்கு அவர் என்ன சொல்வார்? கேட்பவன் அவருடைய மகனாக இருந்தால்?

அதிமுகவின் சட்டவிதிகளில் ஓர் அபூர்வமான சங்கதி இருந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி அது. எம்.ஜி.ஆர். காலத்தில் இடப்பட்டது, மற்ற எந்த விதியை மாற்றினாலும் அதை மாற்றக் கூடாது என்ற கருத்தோடு பாதுகாக்கப்பட்டது. அடிமட்ட உறுப்பினருக்கு இவ்வளவு பெரிய உரிமையை ஏட்டில் கொடுத்த கட்சி இந்தியாவில் அதிகம் இல்லை. ஜெயலலிதா இறந்த மறு ஆண்டு, 2017 செப்டம்பரில், அவரே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று பொதுக்குழு தீர்மானித்து, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பதவிகளை உண்டாக்கியது. 2022 ஜூலை 11இல் கூடிய பொதுக்குழு மீண்டும் பொதுச்செயலாளர் பதவியைக் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்பது அப்படியே இருந்தது. போட்டியிட விரும்புகிறவருக்குத்தான் தகுதிகள் வகுக்கப்பட்டன. பத்து ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், ஐந்து ஆண்டு தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும், பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது, 2023 பிப்ரவரியில் பொதுக்குழு செல்லும் என்று தீர்ப்பு வந்தது, மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளரானார். ஒன்றரைக் கோடித் தொண்டர்கள் என்று கட்சி தன்னைச் சொல்லிவந்தது. அந்த ஒன்றரைக் கோடிப் பேரின் கையிலும் வாக்குச்சீட்டு உண்டு. அதில் இரண்டு பெயர்கள் வர வழியில்லை. மாவட்டச் செயலாளர்கள் யாரால் அமர்த்தப்படுகிறார்கள் என்பது கட்சிக்காரர் எல்லோருக்கும் தெரியும். 2023 செப்டம்பரில் பாஜகவோடு உறவு முறிந்தது என்று தீர்மானம் போட்டபோது அதே தொண்டர்கள் பட்டாசு வெடித்தார்கள். 2025 ஏப்ரலில் சென்னைக்கு வந்த அமித் ஷா, பழனிசாமியை அருகில் வைத்துக்கொண்டு கூட்டணியை அறிவித்தார். பட்டாசு வெடித்த கைக்கு இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் என்ன மாறியது என்று விளங்கும்படி யாரும் சொல்லவில்லை.

ஒரு கட்சியை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1976 ஜனவரி 31இல் இந்திரா காந்தியின் அரசு திமுக ஆட்சியைக் கலைத்தது. மிசா சட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சிறையில் அடைபட்டார்கள், அடிபட்டார்கள், அவர்களில் ஒருவரான சிட்டிபாபு உயிரே விட்டார். 1980 தேர்தலில் திமுக இந்திரா காங்கிரஸோடு சேர்ந்து நின்று, மக்களவைக்கு இந்தக் கூட்டணி 37 இடங்களை வென்றது. முதுகில் தழும்போடு இருந்தவர்கள் அந்தத் தேர்தலில் கை சின்னத்துக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்கள். 1999இல் பாஜகவோடு சேர்ந்தபோதும், 2004இல் காங்கிரஸுக்குத் திரும்பியபோதும் அதே வாசற்படிகளை அவர்களே ஏறினார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்திருக்கலாம். மாநில ஆட்சி கலைக்கப்படாமல் காப்பது, மத்தியில் பங்கு பெற்று மாநிலத்துக்கு வேண்டியதைச் செய்வது என்ற கணக்குகள் பொய்யானவை என்று நான் சொல்ல வரவில்லை. 1956இல் வைத்த பெட்டியை ஏன் பிறகு வைக்கவில்லை என்பதே என் கேள்வி.

இனி மறுப்புகள். பதவி கிடைக்காதவர்தான் கொள்கை பேசுகிறார் என்பது முதலாவது. பல நேரங்களில் அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. கசப்பு வெடிக்கும் தருணத்தில் பெரும்பாலும் ஒரு சீட்டு இருக்கும். நேற்று மாற்றுக் கட்சியிலிருந்து வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டவர் இன்று வேட்பாளர், நாற்பது ஆண்டு கொடி பிடித்தவர் அவருக்கு முன்னால் கோஷம் போட வேண்டும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கேட்கப்படுதல் என்பதே இல்லாத அமைப்பில், ஒருவர் மதிக்கப்படுகிறாரா என்பதை அறியப் பதவியைத் தவிர வேறு அளவுகோல் எது? விருப்ப மனு கொடுக்கும் நாளில் கட்டணம் கட்டி, விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற பல பேருக்கு சீட்டு வராது என்பது நன்றாகவே தெரியும். நேர்காணலில் தலைவர் முன் இரண்டு நிமிடம் நின்று பெயரையும், கட்சியில் சேர்ந்த ஆண்டையும், போன சிறையையும் சொல்லலாம். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவர்கள் நிற்கிறார்கள். பதவி ஆசை என்று அதைச் சுருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. கட்சி ஓட்டுப் போடுகிற மக்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினருக்கு ஏன் என்று கேட்கலாம். ஐந்தாண்டுக்கொரு முறை மக்கள் தீர்ப்பு வருகிறது அல்லவா? நம் சட்டத்தின் ஏற்பாட்டைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர் சபையில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியை இழப்பார். தானாகக் கட்சியைத் துறந்ததாகக் கருதப்பட்டாலும் இழப்பார். 2017இல் அதிமுகவின் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் சபையில் எதிர்த்து வாக்களிக்கவே இல்லை. முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். பேரவைத் தலைவர் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார், 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆக, மக்கள் பிரதிநிதியின் வாய் கட்சியின் கையில் இருக்கிறது. கட்சியின் வாய் யார் கையில் இருக்கிறது? அதைச் சட்டம் கேட்பதில்லை. கட்சிகளைப் பதிவுசெய்யும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு அரசியல் சட்டத்துக்கும் ஜனநாயகத்துக்கும் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொள்கிறது. உறுதியை மீறினால் பதிவை ரத்துசெய்யும் பொதுவான அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிகளின் உள் ஜனநாயகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை 1999இலேயே பரிந்துரைத்தது. அது ஏட்டில் இருக்கிறது. தன் உறுப்பினரிடமிருந்து கட்சியைக் காக்கச் சட்டம் உண்டு, கட்சியிடமிருந்து உறுப்பினரைக் காக்க ஒன்றும் இல்லை. சபைக்குள் பேச முடியாததைப் பேச மிஞ்சியிருக்கும் ஒரே இடம் கட்சிக் கூட்டம்தான். அங்கும் தீர்மானங்கள் கைதட்டலில் நிறைவேறுகின்றன என்றால் வாக்காளர் தேர்ந்தெடுப்பது யாரை?

எல்லா அமைப்பும் கடைசியில் சிலர் கைக்குத்தான் போகும் என்பது மூன்றாவது மறுப்பு. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியைக் கூர்ந்து பார்த்து 1911இல் ராபர்ட் மிஷெல்ஸ் இதை ஓர் இரும்பு விதியாகவே வகுத்தார். கட்சி பெரிதானால் அலுவலகம் பெருகும், அலுவலகம் உள்ளவரிடம் அதிகாரம் சேரும் என்ற அவரது கவனிப்பை மறுப்பது கடினம். ஆனால் அதை மாற்ற முடியாத விதி என்று ஏற்றுக்கொண்ட மிஷெல்ஸ், பிற்காலத்தில் முசோலினியின் கட்சியில் போய்ச் சேர்ந்தார். அளவில் வேறுபாடு உண்டு என்பதை நம் கண்முன்னேயே பார்க்கலாம். மார்க்சிஸ்ட் கட்சி மாநாட்டுக்கு முன்னால் அரசியல் தீர்மானத்தின் நகலை வெளியிடுகிறது. கிளை உறுப்பினர்கள் திருத்தம் அனுப்பலாம். முடிவெடுத்த பின் கட்டுப்பட வேண்டும் என்ற விதியின் கடுமையை 2008இல் நீக்கப்பட்ட அன்றைய மக்களவைத் தலைவர் சோம்நாத் சட்டர்ஜி அனுபவித்தார். அந்தக் கட்சியைப் பின்பற்றத்தக்க மாதிரி என்று நான் காட்டவில்லை. ஆனால் 1996இல் ஜோதிபாசு பிரதமராவதை மத்தியக் குழு வாக்கெடுத்துத் தடுத்தது. அது வரலாற்றுப் பிழை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார், சொல்லிவிட்டு இறக்கும்வரை கட்சியிலேயே இருந்தார். தோற்றவர் பேசிவிட்டு இருக்க முடிகிற கட்சிக்கும், பேசினால் போக வேண்டிய கட்சிக்கும் உள்ள தூரம் சிறியதல்ல. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், விசுவாசம் ஒருவரை உடனே வெளியேறாமல் நிறுத்தி, உள்ளே குரல் எழுப்ப அவகாசம் தருகிறது என்றார். நம் ஊரில் விசுவாசத்துக்கு நேர்மாறான பொருள் வந்துவிட்டது. விசுவாசி என்றால் வாயைத் திறக்காதவர்.

இதனால் கட்சிக்கு என்ன நட்டம் என்று கேட்டால், கட்சிகளே அதற்குச் சாட்சி சொல்கின்றன. எந்தத் தெருவில் குடிநீர்ப் பிரச்சினை, எந்த வீட்டில் யாருக்கு மனத்தாங்கல், எந்தச் சமூகத்தார் எதனால் விலகி நிற்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு காலத்தில் கிளைச் செயலாளரின் விரல்நுனியில் இருந்தது. வாக்காளர் பட்டியலைப் பிரித்தால் இறந்தவர், கல்யாணமாகிப் போனவர், வெளியூரில் வேலை செய்பவர் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போவார். 2021 தேர்தலுக்குத் திமுக ஐபேக் நிறுவனத்தை அமர்த்தியது. இன்று பெரிய கட்சிகள் பலவும் ஏதாவதொரு ஆலோசனை நிறுவனத்தின் துணையில்லாமல் களம் இறங்குவதில்லை. கணிப்பு எடுப்பதில் தவறில்லை. தரவு தொண்டரின் ஆசைக்கணக்கைவிடத் துல்லியமாகவும் இருக்கலாம். ஆனால் கணிப்பு எடுக்க வந்த இளைஞர் தேர்தல் முடிந்ததும் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார். வாக்குறுதி என்னவாயிற்று என்று யாரும் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்கப்போவதில்லை. சொன்னதற்குப் பொறுப்பாக ஊரிலேயே கிடக்கிற ஆளைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அவர் ஒதுங்கிய பிறகு அந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் நிற்கிறது. அதில் இளைஞர் அணியினரின் படங்கள் வரிசையாக இருக்கின்றன.

அவர் அதைக் கடந்துதான் கடைக்கு வருகிறார். வழக்கமான டீயைச் சர்க்கரை கம்மியாகச் சொல்கிறார். பெஞ்சில் கிடக்கும் பேப்பரின் முதல் பக்கத்தில் தலைவர் யாருடைய கையையோ பிடித்துத் தூக்கியபடி நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, ‘என்னண்ணே, உங்க கட்சியில...’ என்று ஆரம்பிக்கிறார். இவர் பேப்பரை எடுத்துத் தலைவரின் முகம் உள்ளே போகும்படி மடித்து வைத்துவிட்டு, ‘உங்க பக்கம் மழ பெஞ்சுதா?’ என்று கேட்கிறார்.